பேனரிலிருந்து இறங்கிக் கல்லூரிக்குப் போனவள்

காரைப்பாளையம் நால்ரோட்டில் கட்டியிருந்த பேனரிலிருந்து மிதுலா இறங்கி, மேற்கே போகிற முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கல்லூரிக்குப் போன அன்று, அந்தப் பேனருக்குப் போட்டோ கொடுத்த அசல் மிதுலா தன் வீட்டு உள்ளறையில், கத்திரி வெயிலையும் பொருட்படுத்தாமல் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் "தூங்கறேன்" என்று துளிகூடத் தூக்கமில்லாத குரலில் பதில் சொல்லிக்கொண்டு படுத்திருந்தாள். ஊரில் யாரும் இதில் குழம்பவில்லை. ஒருத்தி போனாள், ஒருத்தி படுத்திருந்தாள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காரணம் மிதுலாவின் அப்பா ஈஸ்வரமூர்த்தி. முட்டை மண்டி வைத்திருப்பவர். நாளைய முட்டைக்கு இன்றைக்கே விலை பேசி முடிக்கிற தொழில் என்பதால், எதையுமே அதனதன் நேரத்தில் செய்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. பங்குனியிலேயே குடை வாங்குவார், பொங்கல் கரும்புக்குக் கார்த்திகையிலேயே சொல்லி வைப்பார், மகள் ஏழாவது படிக்கும்போதே அவள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போய் மனைவி கோமதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவருடைய குணத்துக்குத் தோதாக வாய்த்தது மலையடிவாரத்து வெண்முகில் பல்கலைக்கழகம். அது பிளஸ் டூ மார்க் வருகிறவரைக்கும் காத்திருக்காது; பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி, தானே ஒரு பரீட்சை வைத்து, நல்ல பிள்ளைகளை மற்றவர்கள் கொத்திக்கொண்டு போவதற்குள் முதல் சுற்றிலேயே எடுத்துக்கொள்ளும். முதல் சுற்றில் கிடைத்தவர்களின் சிரித்த முகம் அதன் விளம்பரம் முழுக்க இருந்தது. கிடைக்காதவர்களைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மிதுலாவுக்குக் கிடைக்காமல் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் முதல் ஆளாக வருகிறவள். வினையாக வந்தது முகூர்த்த நாள். காரைப்பாளையத்தில் பேனர் கட்ட நல்ல இடம் ஒன்றே ஒன்றுதான். மயில்சாமி பேக்கரிக்கு எதிரே, உயரமான விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நாலு திசைப் பஸ்ஸும் நின்று திரும்புகிற இடம். முந்தியவருக்கே அந்த இடம் என்பது ஊர் வழக்கம், முகூர்த்த நாளென்றால் மாப்பிள்ளை வீடும் பெண் வீடுமே அதற்காக ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். வெண்முகில் முடிவு வருகிற நாளும் முகூர்த்த நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முடிவு தெரிந்த பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தால் இடம் கைவிட்டுப் போய்விடும் என்று ஈஸ்வரமூர்த்தி விடிந்தும் விடியாததுமாகச் சவுக்குக் கம்பு நட்டு, தன் கையாலேயே முடிச்சுப் போட்டு, பேனரை நிமிர்த்திவிட்டு, பேக்கரியில் ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

பேனர் என்றால் அப்படியொரு பேனர். பிளெக்ஸ் கடை சுதாகர் தன் வித்தையெல்லாம் காட்டியிருந்தான். நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் மிதுலா, கறுப்பு அங்கியும் பட்டத் தொப்பியும் போட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டிக்கொண்டு. சேரவே இல்லாத படிப்புக்குப் பட்டம் வாங்குகிற உடுப்பு எதற்கு என்று கோமதி கேட்டதற்கு, "மாடல்ல அதுதான் அக்கா இருந்துச்சு" என்றான். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டான். மாநிறத்தைப் பால்கோவா நிறமாக்கியிருந்தான். தலைக்கு மேலே ஒரு விமானம் பறந்தது. படிப்பு என்றால் ஒரு விமானம் இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்பது அவன் கட்சி. கீழே வட்டம் வட்டமாக உறவுக்காரர்கள், பாதிப் பேர் காதில் செல்போனை வைத்தபடி. அவர்களுக்கு நடுவே கும்பிட்ட கையோடு ஈஸ்வரமூர்த்தி. 'வெண்முகில் செல்லும் எங்கள் குலவிளக்கே, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று சித்தப்பா பிள்ளைகளின் பெயரில் ஒரு வரி. அதற்கும் கீழே, எதற்கென்று யாருக்கும் தெரியாமல், 'அனைவரும் வருக'.

முடிவு அன்று காபி நேரத்தில் மிதுலாவின் செல்போனுக்கு வந்தது. 'தங்கள் விண்ணப்பத்தைப் படித்து மிகவும் மகிழ்ந்தோம். ஆயினும் இந்தச் சுற்றில் தங்களுக்கு இடமளிக்க இயலாத நிலையில் உள்ளோம். தங்கள் எதிர்காலம் ஒளிமயமாக அமைய வாழ்த்துகள்.' அவள் செல்போனை அப்பாவிடம் நீட்டினாள். அவர் கடைசியிலிருந்து படிக்கிற பழக்கம் உள்ளவர்.

"வாழ்த்துகள்னுதான போட்டிருக்குது?" என்றார்.

"மேல படிங்கப்பா."

மேலே படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் மகளின் முகத்துக்கு வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குப் போயிற்று, அங்கிருந்து வாசலுக்குப் போயிற்று, அப்படியே அவரையும் இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டது. பேனரை அவிழ்க்கக் கத்தியோடு நால்ரோட்டுக்குப் போனவர், அதன் எதிரே வெகுநேரம் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு முடிச்சைக்கூடத் தொடாமல் திரும்பி வந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது; அதற்குப் பிறகு அவர் மகளிடம் பேசுகிறபோதெல்லாம் அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்துத்தான் பேசினார். மிதுலாவுக்குச் சீட் போனது வலித்தது. அப்பாவின் கண் போனது அதைவிட வலித்தது, அதைச் சொல்லி அழக்கூட யாரும் இல்லை.

துக்கம் கேட்க ஊர் வந்தது. வாழைப்பழச் சீப்போடும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடும் வந்தது. வந்தவர்கள் குரலைத் தாழ்த்தி, "எப்பத்திக்கு ஆச்சுங்?" என்று கோமதியைக் கேட்டார்கள். பிறகு போர்வைக்கு அருகே குனிந்து, "மனச விட்றாத கண்ணு, என்ற அக்கா பையனுக்கும் இப்படித்தான் கெடைக்காமப் போச்சு, இப்பக் கனடாவுல இருக்கறான்" என்றார்கள். ரைஸ்மில்காரர் மகன் கனடாவில் இருந்தான். டெய்லர் வீட்டுப் பெண் கனடாவில் இருந்தாள். கனடா என்பது இடம் கிடைக்காதவர்களை மட்டுமே வைத்து நடத்துகிற நாடு போலிருக்கிறது என்று மிதுலா போர்வைக்குள் நினைத்துக்கொண்டாள், சிரிப்பு வரவில்லை.

பேனர் மிதுலா இறங்கிப் போனது இதற்கிடையில்தான். பேக்கரி மயில்சாமி முதல் பால் காய்ச்சுகிறபோது பார்த்தார். பேனரின் நடுவே தொப்பியும் கட்டை விரலுமாக ஒரு வெள்ளை உருவம் மட்டும் இருந்தது, விமானம் அதன் மேலே பறந்துகொண்டிருந்தது, பெண்ணைக் காணோம். பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். "நேரத்துலயே கெளம்பிட்டியா அம்மிணி? டீ குடிக்கிறியா?" என்று மயில்சாமி கேட்டார். "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்றாள் அவள். தன் காலடியில் என்ன அச்சாகியிருந்ததோ அதைத் தவிர அவளுக்கு வேறு பேச்சுத் தெரியாது. பெரிய இடத்தில் படிக்கப் போகிற பிள்ளைக்கு என்ன பணிவு என்று மயில்சாமி பால் பொங்கியதைக்கூடக் கவனிக்காமல் பூரித்துப் போனார்.

பஸ்ஸில்தான் கொஞ்சம் வாக்குவாதம். பெண்களுக்கு இலவச டிக்கெட் என்று கண்டக்டர் மருதாசலம் கிழித்துக் கொடுக்கப் போக, முன்சீட்டுக்காரர் ஒருவர், பேனருக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட்தான் போட வேண்டும் என்று சட்டம் பேசினார். கூடைக்காரம்மா ஒருத்தி எழுந்து, "கண்ணு தெரியலீங்களா? அங்கிக்குள்ள சுடிதாரு போட்டிருக்குது. பொம்பளப் புள்ளைதானுங்" என்று சொன்னதோடு வழக்கு தீர்ந்தது. உட்கார்ந்தால் இடுப்பில் மடிப்பு விழுந்துவிடும் என்பதால் அவள் நின்றுகொண்டே வந்தாள். கூட்டம் ஏறிய நாட்களில் மருதாசலமே அவளை மெதுவாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தன் பைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பல்கலைக்கழக ஸ்டாப் வந்ததும் உதறி இறக்கிவிட்டார். காற்று பலமாக இருந்தால் இறங்குகிற யாராவது ஒருவர் வாசல்வரை கையைப் பிடித்துக் கூட்டிப் போவார்கள்.

வெண்முகிலில் முதல் சுற்றில் சேர்ந்தவர்களுக்கு மே மாதத்திலேயே அறிமுக வகுப்புகள் ஆரம்பித்திருந்தன. அங்கியையும் தொப்பியையும் பார்த்த வாசல் காவலாளி, பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பெரிய வீட்டுப் பிள்ளை என்று நினைத்து சல்யூட் அடித்து உள்ளே விட்டார். வகுப்பில் அவள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றாள். உயர்த்திய கட்டை விரலை இறக்க அவளால் ஆகாது என்பதால், பேராசிரியர் எதைச் சொன்னாலும் அவள் ஒருத்தி மட்டும் ஆமோதித்துக்கொண்டே இருந்தாள். அப்படியொரு ஆதரவை வகுப்பறையில் கண்டிராத கணக்குப் பேராசிரியர் கண்கலங்கிவிட்டதாக, அங்கே தோட்ட வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர் வந்து சொன்னார். கேள்வி கேட்டால் "வணங்குகிறோம்" என்கிற மாணவியை யார்தான் வேண்டாம் என்பார்கள்? முதல் தேர்விலேயே ஒழுக்கத்துக்கு முழு மார்க்.

ஊர் அவளுக்குப் பழகிப்போயிற்று. சாயங்காலம் அவள் திரும்பி வந்து பேனரில் ஏறிப் பொருந்திக்கொள்ளும்போது, ஸ்பேனரோடு நிற்கிற மெக்கானிக்கும் பூக்காரியும் "அம்மிணி வந்துருச்சு" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு கடையை எடுத்துவைத்தார்கள். அவள் முதுகு வெறும் வெள்ளையாக, சுதாகர் கடையின் போன் நம்பரோடு இருந்ததால், அவள் நடந்து போன வழியெல்லாம் அவனுக்கு ஆர்டர் குவிந்தது. பேரூராட்சி ஆபீசர் ஒருவர், அனுமதியில்லாத பேனர் என்று அப்புறப்படுத்த வந்தார். பகலில் வந்ததால் ஆளில்லை. "ஆளில்லாத நேரத்துல அவங்க எடத்தப் பிரிச்சா, பொறகு அந்தப் புள்ள வந்து எங்கீங் நிக்கும்?" என்று மயில்சாமி கேட்க, நியாயம்தான் என்று ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? வரிசையாகப் பேனர் கட்டினார்கள். ரைஸ்மில்காரர் தன் இளைய மகனைக் கலெக்டராக, சுழல்விளக்குக் காரோடு நிறுத்தினார். டெய்லர் தனக்கே வழுக்கை இல்லாமல் ஒன்று அடித்துக்கொண்டார். ஒன்றும் இறங்கவில்லை. அசையாமல் வெயிலில் நின்று வெளுத்தன. ஈஸ்வரமூர்த்தியின் முடிச்சில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டி, மேற்கொண்டு யாரும் ஆராயவில்லை.

ஈஸ்வரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தினமும் சாயங்காலம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நால்ரோட்டுக்குப் போய் நின்றார். "இன்னிக்கு என்ன பாடம் நடத்துனாங்க அம்மிணி?" என்று கேட்பார். "அனைவரும் வருக" என்பாள் அவள். அவர் அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லி மாய்ந்து போவார். காலையில் டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பச் சொன்னார். அதை வாங்கிக்கொள்ள அவளுக்குக் கை ஒழியாது என்பதால் கண்டக்டர் மருதாசலம்தான் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டு வந்தார். மிதுலாவின் பிளஸ் டூ மார்க் வந்தபோது, நல்ல மார்க்தான், அவர் மகளின் தலைக்கு மேலே பார்த்து, "பரவால்ல, அதான் காலேஜுக்குப் போய்ட்டிருக்கறயே" என்றார்.

"யாருங்கப்பா போறது?"

"நீதான் சாமி."

மிதுலா உள்ளே போய் மறுபடியும் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

அவளைப் போர்வையிலிருந்து எழுப்பியது ஒரு பெண் கேட்கும் படலம். பெருந்துறைப் பக்கத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள், நால்ரோட்டில் பெண்ணைப் பார்த்ததாகவும், நல்ல சிவப்பு, அடக்கம், அதிர்ந்து ஒரு பேச்சு இல்லை, மதியச் சாப்பாடுகூடக் கேட்பதில்லையாமே என்றும் சொல்லி, சாதகம் கேட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி சாதகத்தை எடுக்க எழுந்தார். கோமதி தம்ளரை நங்கென்று வைத்தாள்.

"ஏனுங், சாதகம் நான் பெத்ததுக்குத்தான் இருக்குது. அது உள்ள படுத்திருக்குது. அது மாநெறம், மச்சம் இருக்குது, வாயத் தொறந்தா மூட மாட்டாது, மூணு வேளைக்கும் நல்லாச் சோறு தின்னும். வேணும்னாச் சொல்லுங்க, காட்டறேன்."

அவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். உள்ளே மிதுலா போர்வையை விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். தன்னைப் பற்றி இத்தனை நாளில் யாரும் பேசியதில் இதுதான் அவளுக்கு உண்மையாகப் பட்டது. பசிக்கவும் செய்தது.

அன்று சாயங்காலம் முதல் முறையாக நால்ரோட்டுக்குப் போனாள். அந்தப் பேனர்க்காரியைக் கண்டால் நாலு அறை விட வேண்டும் என்றுதான் போனாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவளை நேருக்கு நேர் பார்த்தபோது கை எழவில்லை. தினமும் போய் வந்து அடியோரம் பிரிந்து தொங்கியது, வெயிலில் ஒரு கன்னம் வெளிறியிருந்தது, கட்டை விரல் மட்டும் அப்படியே நின்றது.

"அங்க எப்படி இருக்குது?" என்று மிதுலா கேட்டாள்.

"வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்."

"நீச்சல்குளம் பெருசா?"

"அனைவரும் வருக."

மிதுலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிவு வந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு; வந்தது நிற்கவும் இல்லை, பேக்கரி வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அதே மூச்சில் அழுதாள், மயில்சாமி கேட்காமலே ஒரு தேங்காய் பன்னை நீட்டினார். தின்றுவிட்டு மண்டிக்குப் போய்ச் சாக்கு ஊசி எடுத்து வந்து, பிரிந்து போயிருந்த அடியோரத்தைத் தைத்துக் கொடுத்தாள். தைக்கும்போது பேசினாள். வெண்முகிலின் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் தனக்குப் பெரிதாக வேண்டியதில்லை என்றாள். எல்லாரும் அந்தப் பரீட்சையை எழுதினார்கள், விளம்பரத்தில் நீச்சல்குளம் போட்டிருந்தது, எழுதினேன் என்றாள். அப்பாவின் முட்டை லாரிகள் எந்த ஊர் வழியாக, எந்தக் கணவாய் ஏறி, எந்த ஆற்றைத் தாண்டிக் கேரளாவுக்குப் போகின்றன என்று படம் போட்டுப் பார்ப்பதுதான் சின்னதிலிருந்து பிடிக்கும், அதைப் படிக்கிற படிப்புக்குப் புவியியல் என்று பெயர், அரசு கலைக் கல்லூரியில் இருக்கிறது, இப்படியொரு ஆசையை வீட்டில் சொல்லவே வெட்கமாக இருந்தது என்றாள். பேனர் மிதுலா கட்டை விரலை உயர்த்தியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளால் வேறு எப்படியும் கேட்க முடியாது என்று தெரிந்தும், மிதுலாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

விண்ணப்பம் போட்டாள். புவியியலைக் கேள்விப்பட்ட ரைஸ்மில்காரர், "அதப் படிச்சுப் பூமிய என்ன பண்ணப் போற?" என்று கேட்டதற்கு, "இருக்கற எடத்துலயே வெச்சிருக்கப் போறனுங்க" என்றாள். வாய் திரும்பிவிட்டது என்று கோமதி சந்தோஷப்பட்டாள். கலந்தாய்வுக்கு நாள் குறித்துச் செய்தி வந்தது. தாயோ தகப்பனோ கூட வர வேண்டும் என்று போட்டிருந்தது. அதே நாள்தான் வெண்முகிலிலும் பெற்றோர் தினம் என்று அழைப்பும் வந்தது. ஈஸ்வரமூர்த்தி எதையும் முன்கூட்டியே செய்கிறவராயிற்றே, அதற்குள் புது வேட்டி எடுத்துத் தயாராக வைத்திருந்தார்.

"நான் வாறேன் கண்ணு உன்கூட" என்றாள் கோமதி.

"நீங்க வருவீங்கன்னு தெரியும்மா. அவர் வரோணும்" என்றாள் மிதுலா.

கலந்தாய்வு அன்று காலை நால்ரோட்டில் கலைக் கல்லூரி வழியாகக் கிழக்கே போகிற பஸ்ஸும் மேற்கே போகிற பஸ்ஸும் எதிரும் புதிருமாக வந்து நின்றன. ஈஸ்வரமூர்த்தி புது வேட்டியில், பேனர் மிதுலாவின் பக்கத்தில் நின்றார். மிதுலா எதிரே போய் நின்றாள்.

"அப்பா, எனக்கு இன்னிக்கு அட்மிஷன். அப்பா வரோணும்."

"உனக்குத்தான் போய்ட்டிருக்கறேன் அம்மிணி" என்றார் அவர், அவள் தலைக்கு மேலே பார்த்து. "மொத வரிசைல எடம் போட்டிருக்கறாங்களாமா."

"நான் இங்க நிக்கறேன்."

"அதுக்கென்ன, நீ அங்கயும் போறயல்ல."

இதைக் கேட்டுக் கூட்டம் கூடிவிட்டது. காரைப்பாளையத்தில் ஒரு விஷயம் என்றால் இரண்டு கட்சி உடனே பிரிந்துவிடும். முதல் சுற்றில் கிடைத்த பிள்ளையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்றார் ரைஸ்மில்காரர். சோறு தின்கிற பிள்ளைக்குத்தான் முதல் உரிமை என்றாள் கூடைக்காரம்மா. ஈஸ்வரமூர்த்தி ஒரு பஸ்ஸில் பாதி தூரம், இன்னொரு பஸ்ஸில் பாதி தூரம் போகலாமே என்று டெய்லர் யோசனை சொல்லி இரண்டு கட்சியிடமும் திட்டு வாங்கினார். டிரைவர்கள் இருவரும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

மிதுலா யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்த்தாள். அது அவளுடைய நெற்றிக்கு மேலே ஒரு சாண் தள்ளி, அவளைவிட உயரமான ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. செருப்பைக் கழற்றி வீசினாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டினாள். விறுவிறு என்று சவுக்குக் கம்பைப் பிடித்து ஏறி, குறுக்குக் கம்பில் கால் வைத்து, பேனரின் நடுவே வெள்ளையாகக் கிடந்த அந்த உருவத்துக்குள் போய் நின்றுகொண்டாள். அளவு சரியாக இல்லை. தொப்பிக்குள் தலை நிறையவில்லை, அங்கிக்குள் தோள் நிறையவில்லை. கலைந்த தலையும் வேர்த்த முகமுமாக, விமானத்துக்குக் கீழே, செல்போன் பேசுகிற உறவுக்காரர்களுக்கு மேலே நின்றாள்.

"பிளெக்ஸ் கிழிஞ்சிரும், எறங்கு!" என்று சுதாகர் கத்தினான்.

"இப்பப் பாருங்கப்பா! நீங்க பாக்கற எடத்துக்கே வந்துட்டேன். பாருங்க! எனக்குக் கெடைக்கல. எல்லார்க்கும் கேக்கட்டும், எனக்கு அங்க கெடைக்கல! அதனால நான் இல்லைன்னு ஆயிருமா?"

சவுக்குக் கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிறீச்சிட்டது.

ஈஸ்வரமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். இத்தனை நாளாக அந்த இடத்தைப் பார்த்தவர்தான், ஆனால் அங்கே இருந்தவள் விழ மாட்டாள், விழுந்தாலும் காற்றில் மிதந்து வந்து படிவாள். இவள் விழுந்தால் கை ஒடியும். மூக்குக்குப் பக்கத்தில் மச்சம் தெரிந்தது. அழுதழுது வீங்கிய கண் தெரிந்தது. இவ்வளவு இளைத்துவிட்டாளா என்று இருந்தது.

"எறங்கு சாமி!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து, புது வேட்டியோடு கம்பைக் கட்டிப் பிடித்தார். "கம்பு பத்தாது சாமி, உளுந்துருவ! நான் புடிச்சுக்கறேன், எறங்கு!"

"பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் கண்ணு, பாத்துட்டேன். எறங்கு, நீ சொல்ற பஸ்ல ஏர்றேன்."

அவள் இறங்கினாள். ஊர் பெருமூச்சு விட்டது, ரைஸ்மில்காரர்கூட விட்டார். ஆனால் மேற்கே போகிற பஸ்ஸின் படியில், தைத்த அடியோரத்தோடு, பெற்றோர் தினத்துக்குப் பெற்றவர் இல்லாமல் பேனர் மிதுலா நின்றாள். கட்டை விரல் உயர்ந்தே இருந்தாலும் பாவமாக இருந்தது. என்ன செய்வது என்று எல்லாரும் கையைப் பிசைந்தபோது, பேனரின் கீழ் வரிசையில் வட்டத்துக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரமூர்த்தி மெல்ல ஒரு பக்கம் பிரிந்து, வட்டத்தை விட்டு வெளியே வந்தார். மார்பு வரைக்கும்தான் அச்சாகியிருந்தார் என்பதால் நடக்க வழியில்லை. "நான் தூக்கிக்கறனுங்" என்று கண்டக்டர் மருதாசலம் அவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் சாய்த்து வைத்தார். பேனர் மிதுலா பக்கத்தில் நின்றுகொண்டாள். அன்றைக்கு வெண்முகிலில் அப்படியொரு தன்மையான தகப்பனார் வரவில்லையாம். வைத்த கும்பிடு விழா முடிகிற வரைக்கும் எடுக்கவில்லையாம், கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று சொன்னபோதுகூட.

கிழக்கே போகிற பஸ்ஸில் அப்பாவும் மகளும் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்தார்கள். கோமதி முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெகுதூரம் போன பிறகு ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார், பிறகு கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தே சொன்னார்.

"அன்னிக்கு அதப் படிச்சப்ப உன்ற மூஞ்சியப் பாத்தன்னா நான் அழுதுருவேன்னு பயந்துட்டேன் கண்ணு. அப்பன் அழுதாப் புள்ள இன்னும் ஒடஞ்சு போயிருமேன்னு. அந்த பேனர்ல இருந்தது அழுகாது பாரு, அதனால அதையே பாத்துட்டு இருந்துட்டேன்."

"நான் நெனச்சேன், உங்களுக்கு என்னப் புடிக்காமப் போச்சுன்னு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அழத்தான் செய்தார், பஸ்ஸில், பலருக்கு முன்னால், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மிதுலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் ஒன்றும் உடையவில்லை. கணவாய் எந்தத் திசையில், ஆறு எந்தத் திசையில் என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டிக்கொண்டு வந்தாள்; அதில் பாதி அவர் தினமும் லாரி அனுப்புகிற வழிதான், இருந்தும் முதல் தடவை கேட்பது போலக் கேட்டார்.

அரசு கலைக் கல்லூரியில் கலந்தாய்வுக் கூடம் மின்விசிறியெல்லாம் பேருக்குச் சுற்ற, பிள்ளைகளும் பெற்றவர்களுமாக நிறைந்திருந்தது. மேசைக்கு முன்னால் மிதுலா போய் நின்றதும், கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் தலையை நிமிர்த்தாமலே, எல்லாரிடமும் கேட்பது போல அவளிடமும் கேட்டார்.

"அப்பா வந்திருக்காரா?"

மிதுலா வாயைத் திறப்பதற்குள், பின்னால் நின்ற ஈஸ்வரமூர்த்தி, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட பையன் மாதிரி கையைத் தூக்கி, கூடம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில், "வந்துட்டனுங்!" என்றார்.

கூடமே சிரித்தது, கண்ணாடி போட்ட அம்மாவும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். மிதுலா திரும்பிப் பார்த்தாள். அவர் கை இன்னும் இறங்கவில்லை, கண் அவள் மேலேயே இருந்தது.